தாம் பி

படகின் பெயரை விற்றவன் அழிக்கவில்லை.
நீலப் பலகையில் வெள்ளை எழுத்து: தாம் பி.
பிரெஞ்சில், போனால் போகிறது என்று பொருள்.
நான் தம்பி என்றே வாசித்தேன்.
நாலரை மீட்டர் தம்பி,
ஆறு குதிரைச் சக்தியில் இருமுகிறவன்.

பாரிஸிலிருந்து பாம்போலுக்கு மாற்றலாகி
மூன்று வாரம்.
மருத்துவமனையில் எலும்புகளைப் படம் பிடிப்பவள் நான்.
மூச்சை இழுங்கள், அசையாதீர்கள், மூச்சு விடலாம்
என்று நாளுக்கு நாற்பது பேரிடம் சொல்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமைக்கு
அசைகிற ஏதாவது வேண்டியிருந்தது.

துறை அலுவலகத்தில் நொல்வென்
ஓதக் கணக்குப் புத்தகத்தை நீட்டினாள்.
நூற்றியேழு என்ற எண்ணைச் சுற்றி
இரண்டு வட்டம் போட்டிருந்தாள்.
பண்பலை வரிசை போலிருந்தது.
எல்லாம் விளங்கியதாகத் தலையாட்டினேன்.

லோகிவித் துறையிலிருந்து பத்து மணிக்குப் புறப்பாடு.
இரண்டு பாறைத்தீவுகளுக்கு நடுவே நங்கூரம்.
சமோசாவைப் பிரிக்கும்போது
மிதவையொன்று நீரை எதிர்த்து நீந்துவதைக் கண்டு
சிரித்தேன்.
சங்கிலியில் கட்டிய மிதவை அது.
அப்போதாவது கிளம்பியிருக்கலாம்.

தம்பி ஒருமுறை முனகி
இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தான்.
கடல் போய்விட்டது,
வேலைக்குக் கிளம்புகிறவரைப் போல,
திரும்பிப் பாராமல்.

கைபேசியில் தேவநேசன்.
எங்கே இருக்கிறாய்?
கடலில்.
எவ்வளவு ஆழம்?
குனிந்து பார்த்தேன்.
கணுக்கால்.

முதலில் வெட்கம், அப்புறம் பசி,
அப்புறம் இறங்கி நடந்தேன்.
தினமும் பார்க்கிற படம்தான்.
மினுங்கும் தோலெல்லாம் கழன்று
முள்ளந்தண்டாய் நீளும் பாறை வரிசை,
நடுவில் சரியாகக் கூடாத ஒரு முறிவு,
முறிவுக்குள் குட்டை,
குட்டையில் கண்ணாடி இறால்கள்
கடற்பாசியின் தோல்வாருக்கடியில்
நடுங்கிக்கொண்டு.
மீன் பிடித்தே அறியாத எனக்கும் தெரிந்தது,
நீர் திரும்பினால் பசித்தவை இங்கேதான் வரும்.

பாரிஸில் எங்கள் கீழ்வீட்டு மிக்கேல்பிச்சை
குளச்சல்காரர்,
சீட்டாட்டத்துக்கு நடுவே ஒரு சொல்லை எறிவார்: கணியம்.
கரையில் இரண்டு பொருளை
ஒன்றன் பின் ஒன்றாய் நிறுத்து.
வேறு பக்கம் இன்னும் இரண்டு.
கோடுகள் வெட்டுமிடம் உன் பார்.
சொல்லிவிட்டு ஆசை இறக்கி ஆட்டத்தை முடிப்பார்.

மணிக்கூண்டு தண்ணீர்த் தொட்டியை மறைக்க வேண்டும்.
பச்சைக் கதவு வீடு
ஒற்றைப் பைன் மரத்தின் வலத்தோளில் ஏற வேண்டும்.
மின்கட்டண உறையின் முதுகில் எழுதினேன்.
இந்த ஊரில் நானாகக் கண்டுபிடித்த
முதல் முகவரி.

நாலரைக்குத் தம்பி நிமிர்ந்தான்.
அரைமணி பொறுத்து,
மணிக்கூண்டுக்குப் பின்னால் தொட்டி ஒளியும்வரை ஓட்டி,
மரத்தோளில் வீடு ஏறும்வரை ஓட்டி,
வெறும் சாம்பல் நீர்மேல் நின்று
தூண்டிலை இறக்கினேன்.

இங்கே மீனுக்குப் பார் என்று பெயர்.
நமக்குப் பார் என்றால் அது ஒதுங்கும் பாறை.
பாரில் பார் தேடுகிறேன் என்று
யாரிடம் சொல்லிச் சிரிப்பது?
வெடுக்கென்று இழுத்தது.

நாற்பத்தோரு சென்டிமீட்டர்.
சட்டம் நாற்பத்திரண்டு.
வாலை நீவிவிட்டு மறுபடி அளந்தேன்.
அசையாதே என்றேன்.
நோயாளிகள் இதைவிடச் சொன்னபடி கேட்பார்கள்.
மூன்றாம் முறையும் நாற்பத்தொன்றுதான்.
நீருக்குள் கைகளை இறக்கித் திறந்தேன்.
மூச்சு விடலாம்.

துறையில் நொல்வென்
என் முழங்காலளவு சேற்றைப் பார்த்தாள்.
காலி வாளியைப் பார்த்தாள்.
பிறகு படகின் பெயரைச் சத்தமாக வாசித்துத்
தோளைக் குலுக்கினாள்.

எந்தப் பக்கம் போனாய் என்று கேட்டாள்.
சும்மா, அந்தப் பக்கம் என்று
கடல் முழுவதையும் காட்டினேன்.
சட்டைப்பைக்குள்
உறை ஈரமாகிக்கொண்டிருந்தது.